பாலைப்பழக் காட்டில் உன்னைக் கூப்பிட்டது யார்

பாலா,

அன்று காட்டுக்குப் போனவர்கள் ஆறு பேர். நீ எழுதியிருப்பதுபோல ஐந்து பேர் இல்லை. உன் ஐயா. ஐயாவின் தமையன், யாழ்ப்பாணத்திலிருந்து காரில் வந்த உன் பெரியப்பா. அவர் மனைவி, உன் பெரியம்மா. என் தம்பி கனகரத்தினம், இன்றைக்கு உனக்கு மாமனார். நீ. நான். எண்ணும்போது என்னை விட்டுவிட்டாய். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக் கரடி மனதில் நிற்கும், தூக்கிக்கொண்டு வந்த மாமனின் தோள் மனதில் நிற்கும், தாய் எங்கே நின்றாள் என்பது நிற்காது. அதற்காக நான் உன்னோடு கோபிக்கவில்லை. எனக்கு ஒன்றும் மறக்கவில்லை. யார் என்ன உடுத்தார்கள், யார் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு பொய் சொன்னார்கள் என்பதுவரை கிடக்கிறது.

உன் கடிதம் வந்தபோது நெல் அவித்துக்கொண்டிருந்தேன். அடுப்படியிலேயே குந்தியிருந்து வாசித்தேன். ஐந்தாம் வகுப்போடு மறிக்கப்பட்டவள், எழுத்துக்கூட்டி வாசித்து முடிய நேரம் எடுக்கும். முதல் பக்கம் நல்ல சந்தோசமாக இருந்தது. பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஞாயிறு தோறும் நடக்கிறீர்கள், விடிய முன் வவுனியாக் குளக்கட்டில் ஏறி, வரம்பு பிடித்து வயலுக்குள் இறங்கி, காட்டோரம் வரை போய், வெயில் ஏறப் பட்டணத்துக்குத் திரும்பி, கடையில் வடையும் தேத்தண்ணியும் குடித்துவிட்டு வீட்டுக்குப் போகிறீர்கள் என்று எழுதியிருந்தாய். நாள் முழுக்கக் கதிரையில் இருந்து வயிறு வைக்கிற உங்களுக்கு இது வேண்டும்தான். குளத்தில் தாமரைக்கோழி இலைக்கு இலை நடக்கிறதை எழுதியிருந்தாய். அதை இரண்டு தரம் வாசித்தேன். எனக்கும் உன்னோடு வந்து அந்தக் கட்டில் ஒருநாள் நடக்கலாமோ என்றுகூட நினைத்தேன்.

இரண்டாம் பக்கத்தில் அடுப்பு நூர்ந்து அணைந்ததும் தெரியவில்லை. வருகிற ஞாயிறு பாலைப்பழம் பிடுங்கக் காட்டுக்கு உள்ளே போகிறீர்கள், மாமாதான் வழி காட்டுகிறார், பிள்ளை வதனியையும் கொண்டுபோகிறாய். 'மாமா அவளுக்குக் காட்டுச் சட்டம் எல்லாம் பழக்கிவிட்டார் அம்மா. இப்போது வீட்டில்கூடப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் வாயைப் பொத்திக்கொண்டு அலுமாரிக்குப் பின்னால் ஒளிக்கிறாள். பார்க்க ஒரே சிரிப்பு' என்று எழுதியிருக்கிறாய். உனக்குக் காட்டில் ஆசை வந்ததே அன்று மாமா கையைப் பிடித்துக் கூட்டிப்போனதால்தானாம். பாலா, அந்த வரியை வாசித்ததிலிருந்து எனக்குக் கைகால் ஓடவில்லை. வருகிற வருசம் அரிவரி வகுப்புக்குப் போகப்போகிற பிள்ளை அவள். ஞாயிற்றுக்கிழமைக்கு முன் இதை முழுக்க வாசி. வாசித்துவிட்டு மலருக்கும் வாசித்துக் காட்டு. தன் தகப்பனைப் பற்றியது என்று அவளுக்குக் கோபம் வரும். வரட்டும். பிள்ளைக்குத் தாய் அவள்தானே.

கிளிநொச்சியில் காணி கிடைத்து நாங்கள் வந்து இரண்டாம் வருசம் அது. உன் பெரியப்பா யாழ்ப்பாணத்தில் கிளாக்கராக இருந்தவர். அவருக்குச் சலரோகம், டொக்டர் நடக்கச் சொல்லியிருந்தார். யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் நடந்தால் வேலியும் நாயும்தான், கண்ணுக்கு ஒன்றுமில்லை என்று சொல்லி விடுமுறைக்கு விடுமுறை எங்களிடம் வந்துவிடுவார். கன்வஸ் சப்பாத்து, தொப்பி, பிரம்பு, தேத்தண்ணி நிரப்பிய பிளாஸ்க். பெரியம்மா குடையோடு வருவா. எங்கள் கிணற்றுத் தண்ணீர் மணக்கிறது என்று சொல்லிச் சொல்லிக் குடிப்பா. அந்தத் தண்ணீரில் வைத்த மீன்குழம்பை மட்டும் சட்டி வழித்துச் சாப்பிட்டதை நான் பார்த்தேன். அது வேறு கதை. ஆனால் சும்மா சொல்லக்கூடாது, அவர்கள் வந்தால்தான் நாங்களும் நடந்தோம். வயல், மாடு, குசினி என்று கிடந்த எனக்கு ஒரு நாள் முழுக்க ஒரு வேலையும் இல்லாமல், மரத்தை மரமாகப் பார்த்துக்கொண்டு நடக்கலாம் என்பது அவரால்தான் தெரிந்தது.

அன்று காலை இரணைமடுக் குளக்கட்டில் ஏறியபோது குளம் பால் மாதிரிக் கிடந்தது. கூழைக்கடாக்கள் நடுக்குளத்தில் கூட்டமாக மிதந்தன. காற்றில் சேறும் தாமரை இலையும் மணத்தன. நீ முன்னுக்கு ஓடி ஓடித் திரும்பி வந்தாய். கட்டு முடிந்து மரக்காரர்களின் வண்டிப்பாதை காட்டுக்குள் இறங்கும் இடத்தில் தம்பி கனகு நின்றான். அவன் அப்போது மரம் தறிக்கிறவர்களோடு கூலிக்குப் போய்வந்தவன். அவன் மகள் மலர், இன்றைய வதனியின் வயதில், தாயோடு வீட்டில் நின்றாள். கனகு ஒரு இலைக்குழை முறித்து மரக்கொப்பில் கொழுவி, ஐயனாரை நினைத்துக் கும்பிட்டான். எங்களையும் கொழுவச் சொன்னான்.

“இனி ஒருத்தரும் ஒருத்தற்றை பேரும் சொல்லக்கூடாது. காட்டிலை பேர் சொல்லிக் கூப்பிடுறேல்லை. கூ எண்டால் கூ எண்டு பதில் குடுக்கவேணும். யானையைக் கண்டாலும் யானை எண்டு சொல்லக்கூடாது. பெரியவர் எண்டுதான் சொல்லவேணும்.”

“எங்கடை கந்தோரிலையும் அப்பிடித்தான்,” என்றார் பெரியப்பா. “அங்கை இருக்கிற பெரியவர் யானையிலும் மோசம்.”

“ஏனப்பா, உங்களுக்கு எல்லாம் பகிடி,” என்று பெரியம்மா குடையை மடக்கினா. “அப்ப கரடியை என்னெண்டு சொல்லுறது தம்பி?”

“கரடியைக் கண்டால் கதைக்க நேரமிராது அக்கா.”

எல்லோரும் சிரித்தோம். நீயும் சிரித்தாய். ‘கூ’ என்று கத்தினாய், காடு முழுக்கக் கேட்டது. ஐயாவும் கத்தினார். பெரியப்பா தொப்பியைக் கழற்றிவிட்டுக் கத்தினார். அந்த மனிதர் அவ்வளவு சந்தோசமாக இருந்ததை நான் அதற்கு முன்னும் காணவில்லை, பின்னும் காணவில்லை.

இந்த இடத்தில் ஒன்று சொல்லவேண்டும். மரக்காரர்களின் சட்டத்தை நான் பிறகு விசாரித்து அறிந்துகொண்டேன். அதில் இரண்டு பாதி இருக்கிறது. காட்டில் யாரோ உன் பேரை ஒருதரம் சொல்லிக் கூப்பிட்டால் பேசாமல் நில், அது பேயாக இருக்கலாம் என்பது ஒரு பாதி. திரும்பத் திரும்பக் கூப்பிட்டால் அது மனிதர்தான், பேய்க்கு ஒருதரத்துக்கு மேல் கூப்பிட முடியாது, உடனே குரல் கொடு என்பது மற்றப் பாதி. அவர்கள் வாழ்ந்து பழகிய காடு, காரணமில்லாமல் சொல்லியிருக்கமாட்டார்கள். கனகுவுக்கு இரண்டு பாதியும் தெரியும்.

மணல் ஓடை ஒன்றைக் கடக்கும்போது அவன் உன்னைத் தோளில் ஏற்றிக்கொண்டு முன்னுக்குப் போனான். அக்கரையில் உன்னை இறக்கி, குந்தியிருந்து, உன் காதுக்குள் ஏதோ சொன்னான். உன் கண் பெரிதாகிறது எனக்குத் தெரிந்தது. கையில் அடித்துச் சத்தியம் வாங்கினான். நான் கிட்ட வர எழும்பிவிட்டான். “என்னடா சொன்னனீ பிள்ளைக்கு?” என்று கேட்டேன். “ஆம்பிளையளின்ரை கதை அக்கா, உனக்கென்னத்துக்கு?” என்றான். மாமனும் மருமகனும் என்று நானும் விட்டுவிட்டேன்.

பாலைப்பழக் காலம் எப்படி இருக்கும் என்று உனக்கு நினைவிராது, உன் நண்பர்களுக்கும் தெரியாது என்று நினைக்கிறேன். மரம் முழுக்க மஞ்சள் பூத்ததுபோலப் பழம். கீழே சேலையை விரித்துக் கொப்பை உலுக்கினால் மழை மாதிரி விழும். தின்னத் தின்ன உதட்டில் பால் ஒட்டும், வாய் திறக்க மாட்டாது, தேங்காயெண்ணெய் தடவித்தான் கழற்றவேண்டும். பெரியம்மாவுக்கு உதடு ஒட்டிக்கொண்டு அரை மணித்தியாலம் கதைக்க முடியவில்லை. “ஐயனாருக்குக் கொழுவின குழைக்குப் பலன் கிடைச்சிட்டுது,” என்று பெரியப்பா கும்பிட்டார். பழம் தின்றோம், கொண்டுபோன புட்டும் சம்பலும் சாப்பிட்டோம், ஓலைக் கிண்ணிப் பெட்டி நிறையப் பழம் சேர்த்தோம், மர நிழலில் சரிந்தோம். அவ்வளவு இதமான காற்று. நான் கண்ணை மூடினேன். திறந்தபோது நீ இல்லை.

மயிலிறகு ஒன்றைக் கண்டு எழும்பிப் போயிருக்கிறாய். ஒன்றுக்குப் பின்னால் இன்னொன்று. அதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்தது வெறும் மணலும் உன் சின்னக் காலடி நாலைந்தும், அதற்கு அப்பால் சருகும்தான். சருகில் அடி தெரியாது. பிள்ளையைக் காணாவிட்டால் தாயின் வாயில் பேர்தான் வரும், பாலா. கூ என்ற சத்தம் உலகத்தில் இருக்கிறதே எனக்கு மறந்துபோயிற்று. “பாலா! பாலா!” என்று கத்தினேன். ஐயா கத்தினார். பதில் இல்லை. மரத்தில் பழம் விழுகிற சத்தம் மட்டும் பொத்துப் பொத்தென்று.

பெரியப்பா பிரம்பைத் தரையில் அடித்தார். “எல்லாரும் சேர்ந்து கூப்பிடுங்கோ. பேரை நல்லா நீட்டிக் கூப்பிடுங்கோ. தூரத்துக்குக் கேக்கும்.” ஐந்து பேரும் சேர்ந்து உன் பேரைக் கத்தினோம். கனகுவும் கத்தினான். அதை நீ மறக்கக்கூடாது, அவனும் தன் வாயால் கத்தினான். பிறகும் பதில் இல்லாமற் போகப் பெரியப்பா அவனை நிமிர்ந்து பார்த்தார். அந்த மனிதருக்கு மூளை இருந்தது.

“ஆராவது பேய்க்கதை சொல்லிப் பிள்ளையை வெருட்டினியளோ? கனகு, காலமை அவன்ரை காதுக்குள்ளை ஏதோ சொன்னனீ. என்ன சொன்னனீ?”

“நானோ? சீ, நான் ஒண்டும் சொல்லேல்லை அண்ணை. மயில் முட்டை காட்டுறன் எண்டு சொன்னனான்.” இதைச் சொல்லும்போது அவன் பெரியப்பாவைப் பார்க்கவில்லை. பிளாஸ்கைப் பார்த்தான்.

ஏன் பொய் சொன்னான் என்று நீ கேட்பாய். பெரியப்பா அவனுக்கு ஓவசியருக்குக் கீழே ஒரு வேலை எடுத்துத் தருவதாகச் சொல்லியிருந்தார். கூலிக்காரன் கங்காணியாகிற வேலை. அடுத்த கிழமை ஆளைக் காணக் கூட்டிப்போவதாக இருந்தது. பேய்க்கதை சொல்லிப் பிள்ளையைத் தொலைத்த விசரனுக்கு யார் வேலை கொடுப்பார்கள்? ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். “அக்கா, பேர் சொல்லாதை, கூ எண்டு கூப்பிடு.” அதைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

ஐயா கோடரியோடு குளத்துப் பக்கம் போனார். பெரியப்பாவும் பெரியம்மாவும் நீ திரும்பி வந்தால் நிற்கவென்று சாப்பிட்ட இடத்திலேயே நின்றார்கள். நானும் கனகுவும் உள்ளே போனோம். போகப் போகப் பாலை மரத்தின் பட்டைகளில் நகம் கீறிய தடம். சில பழையவை, சில ஈரமாகப் பால் வடிகிறவை. கீழே சப்பித் துப்பிய பழமும் முறிந்த கொப்பும். கரடி மரத்தில் ஏறிப் பழம் தின்கிற காலம் அது. மனிதருக்குப் பழக்காலம் என்றால் அதற்கும் பழக்காலம்தானே. ஆனாலும் கத்தினேன். “பாலா! அம்மா நிக்கிறன் ராசா! எங்கையடா நிக்கிறாய்?”

கத்தியவுடன் தூரத்தில் சருகு சரசரத்தது. நான் அந்தப் பக்கம் ஓடினேன். நின்று மறுபடியும் கத்தினேன். சரசரப்பு இன்னும் தள்ளிக் கேட்டது.

“அது மான் அக்கா,” என்றான் கனகு.

“மான் எண்டால் ஒரேயடியா ஓடியிருக்குமடா. இது நான் கூப்பிடக் கூப்பிடத்தான் ஓடுது.”

“மான்தான் அக்கா. வா, இஞ்சாலை பாப்பம்.”

அவனுக்கு அப்போது தெரிந்திருந்தது. முகம் சாம்பலாய்ப் போயிருந்தது. நான் பயம் என்று நினைத்தேன். அந்த வெயிலில், அந்த முள்ளுக்குள், உன் பேரைச் சொல்லிச் சொல்லி நான் துரத்தியது உன்னைத்தான் பாலா. நான் ஒவ்வொரு தரம் கூப்பிட நீ இன்னும் உள்ளுக்கு ஓடினாய்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. நிழல் நீண்டுவிட்டது. என் தொண்டை கிழிந்து இரத்தச் சுவை வந்தது. ஒரு வேரில் தடக்கி விழுந்தேன். எழும்பாமல் அப்படியே கிடந்து உன் பேரைச் சொல்லப் பார்த்தேன். பா வரவில்லை, லா வரவில்லை. காற்றுத்தான் வந்தது. கடைசியாக நெஞ்சிலிருந்து ஏதோ ஒரு சத்தம் கிளம்பியது. “கூ…” என்று. நான் நினைத்துச் செய்யவில்லை. அழுகை அப்படி வந்தது.

பிறகு கிட்டத்தில், மிகக் கிட்டத்தில், ஒரு சின்னக் குரல். “கூ…”

எழும்பினேன். கனகுவைக் கையால் மறித்துவிட்டு மெல்ல நடந்தேன். ஒரு பெரிய பாலை மரத்தடியில் முதுகை மரத்தோடு ஒட்டிக்கொண்டு நின்றாய். கையில் மயிலிறகுகள். கால் முழுக்க முள்ளுக்கீறல். ஓடிப்போய்த் தூக்க ஒரு அடி வைத்தேன். அப்போது உன் தலைக்கு மேலே, இரண்டாம் கிளைக்கவரில், கறுப்பாக ஒன்று அசைந்தது. பழக்கொப்பு ஒன்று முறிந்து உன் பக்கத்தில் விழுந்தது. நீ நிமிர்ந்து பார்க்கவில்லை. நீ என்னையே பார்த்துக்கொண்டு நின்றாய்.

வா என்று கையை விரித்தேன். நீ வரவில்லை. கூப்பிடக் குரல் இல்லை. குரல் இருந்தாலும் கூப்பிட்டிருக்க முடியாது, மேலே அது கேட்கும். நீ உன் தாயின் முகத்தைப் பார்க்கவில்லை பாலா. காலைப் பார்த்தாய். என் சேலைக் கரை சருகில் இழுபட்டுக் காலை மறைத்திருந்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனால் நீ பார்க்கிற இடம் விளங்கியது. சேலையை முழங்கால் வரை தூக்கினேன். செருப்பில்லாத காலை மணலில் அழுத்தி வைத்தேன். எடுத்து மறுபடி வைத்தேன். தடம் பதிந்ததை உனக்குக் காட்டினேன். மேலே அது பின்புறமாக இறங்கத் தொடங்கிவிட்டது. பட்டை உரிகிற சத்தம் கேட்டது. நீ தடத்தைப் பார்த்தாய். மறுபடி காலைப் பார்த்தாய். பிறகுதான் ஓடிவந்தாய்.

உன்னை வாரி எடுத்துக்கொண்டு பின்பக்கமாகவே நடந்தேன். அது நிலத்தில் விழுந்து, எழும்பி நின்று, எங்கள் பக்கம் மூக்கை நீட்டி உறுமியது. நெஞ்சில் இருந்த வெள்ளைப் பிறையை நான் கண்டேன். என்ன நினைத்ததோ, திரும்பிப் புதருக்குள் போய்விட்டது. எங்கள் குலத்துக்கு யார் செய்த புண்ணியமோ தெரியாது. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு வலுவில்லை.

என் கழுத்தைக் கட்டிக்கொண்டு நீ சொன்னதுதான் முக்கியம். “அம்மா, பேய் உங்கடை குரலிலை கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. நான் ஏன் எண்டு குரல் குடுக்கேல்லை. மாமா சொன்னவர், காட்டிலை பேர் சொல்லிக் கூப்பிட்டால் அது மனிசரில்லை, ஓடவேணுமெண்டு. அம்மா மாதிரியும் வருமாம். காலைத்தான் பாக்கவேணுமாம். பேய்க்குக் கால் நிலத்திலை முட்டாதாம்.”

கனகுவைப் பார்த்தேன். அவன் உன்னை என்னிடமிருந்து வாங்கித் தோளில் வைத்துக்கொண்டான். நீ மனதில் வைத்திருக்கிற தோள் அதுதான். குளக்கட்டில் ஏறும்போது எனக்குக் கிட்டவாக வந்து மெல்லச் சொன்னான். “அக்கா, பிள்ளை கொஞ்சம் வெருளட்டுமெண்டு பகிடிக்குச் சொன்னனான். பெரியண்ணைக்குச் சொல்லிப்போடாதை. அத்தானுக்கும் சொல்லாதை. வேலை போயிடுமக்கா. மலர் சின்னன்.”

நான் சொல்லவில்லை. எனக்குக் குரலும் இல்லை, மூன்று நாலு நாள் ஒரு சொல்லும் வரவில்லை. குரல் வந்தபோது அவனுக்கு வேலை கிடைத்துவிட்டது. ஐயாவுக்குச் சொல்லியிருந்தால் கோடரியோடு போயிருப்பார். உன் ஐயா செத்துப்போகுமட்டும் அவருக்குத் தெரியாது. நான் அவன் வீட்டில் ஏன் ஒருவாய்த் தண்ணீரும் குடிப்பதில்லை என்று உன் கலியாணத்திலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாய். மலரை எனக்குப் பிடிக்காதோ என்றுகூடக் கேட்டாய். அவள் தங்கமான பிள்ளை. அவளுக்காகத்தான் உங்கள் கலியாணத்துக்கு ஓம் என்றேன். ஆனால் அந்தப் பந்தலில் சோறு எனக்கு இறங்கவில்லை.

கரடிக்காக நான் இதைக் கட்டி வைத்திருக்கவில்லை. கரடி காட்டுச் சீவன், அது தன் பழத்தைத் தின்றது. அன்றைக்குப் பிறகு நடந்ததைக் கேள். கிணற்றடியில் நின்று “பாலா” என்று கூப்பிட்டால் நீ வருவாய். வந்து முதலில் என் காலைப் பார்ப்பாய். பிறகுதான் முகத்தைப் பார்ப்பாய். அடுத்த மழைக்காலம் முடியும்வரை அப்படித்தான். இருட்டுப்படுகிற நேரம் என் குரல் கேட்டால் ஐயாவின் பின்னால் ஒளிந்தாய். காய்ச்சலில் கிடந்தபோது நான் பேர் சொல்லி எழுப்பக் காதைப் பொத்தினாய். நான் பெற்ற பிள்ளைக்கு என் குரல் பேயின் குரலாகிப்போயிற்று. உனக்கு அது ஒன்றும் தெரியாது, நல்லது. எனக்கு மட்டும் தெரியும். இன்றைக்கும் உன்னைக் கூப்பிடுமுன் என் தொண்டை ஒருதரம் யோசிக்கிறது.

இனி ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். காட்டுக்குப் போகாதே என்று நான் சொல்லமாட்டேன். சொல்லத்தான் வாய் துடிக்கிறது. ஆனால் அந்தக் காலைக் குளத்தையும் பாலைப்பழத்தையும் வதனிக்கு மறுக்க எனக்கு உரிமையில்லை. போங்கோ. மரத்துக்குக் கீழே போகுமுன் மேலே பாருங்கோ, ஒவ்வொரு மரத்துக்கும் பாருங்கோ. புதிதாகப் பால் வடிகிற நகக்கீறல் கண்டால் எவ்வளவு பழம் இருந்தாலும் திரும்புங்கோ. கதைத்துக்கொண்டு நடவுங்கோ, சத்தமில்லாமல் போனால்தான் கரடி திடுக்கிடும். சாப்பிட்டுவிட்டு எல்லோரும் சேர்ந்து சரியவேண்டாம், ஒருவர் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு இருக்கட்டும். அவள் கை உன் கையில் இருக்கவேண்டும், வேறு ஒருவர் கையிலும் கொடுக்காதே. மாமனார் கேட்டாலும் கொடுக்காதே.

அதற்கு முன் செய்யவேண்டியது ஒன்று. இன்றைக்கே செய். வதனியை மடியில் வைத்துக்கொண்டு, யார் பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் ஏன் என்று குரல் கொடுக்கவேண்டும் என்று சொல். சொன்னால் மட்டும் போதாது, பயம் சொல்லுக்குப் போகாது. மலரை வளவுக்குள் நிற்கவைத்துக் கூப்பிடச் சொல். நீ ஒழுங்கையில் நின்று கூப்பிடு. வேலிக்குப் பின்னால் நின்று கூப்பிடு. விளையாட்டாகத் திரும்பத் திரும்பக் கூப்பிடுங்கோ. அலுமாரிக்குப் பின்னால் ஒளிக்காமல் அவள் “என்னம்மா” என்று ஓடிவருமட்டும் கூப்பிடுங்கோ. ஞாயிற்றுக்கிழமை விடியும்போதும் அவள் வாயைப் பொத்தினால் வீட்டிலே விட்டுவிட்டுப் போ. பழம் அடுத்த வருசமும் பழுக்கும்.

உன் மாமனாரும் அவளுக்கு முன்னால் இருந்து, தான் சொன்னது பொய் என்று தன் வாயால் சொல்லவேண்டும். நீ கேட்டால் சொல்லுவான், இப்போது அவனுக்கு இழக்க ஒரு வேலையுமில்லை. அவளுக்குச் சொல்லட்டும். எனக்கு வந்து ஒன்றும் சொல்லவேண்டாம் என்று சொல். தெரியாமல் செய்த பிழையென்றால் எப்போதோ விட்டிருப்பேன். அவனுக்கு எல்லாம் தெரியும். அன்று நான் துரத்த நீ ஓடியதை என் பக்கத்தில் நின்று பார்த்தவன், இத்தனை வருசத்துக்குப் பிறகு அதே பாதியை உன் பிள்ளையின் காதுக்குள்ளும் ஊதியிருக்கிறான். பெரியப்பா பேரை நீட்டிக் கூப்பிடச் சொன்னார், அவருக்குத் தெரியாது, அவரோடு எனக்கு ஒன்றுமில்லை. பெரியம்மா வீட்டுக்கு வந்ததும், பிள்ளை வளர்க்கத் தெரியாதவள் என்று எனக்குக் கேட்கச் சொன்னா, அதைக்கூட அவா செத்த வீட்டில் விட்டுவிட்டேன். கோவிலில் நின்று கண்ணை மூடினால் எல்லோருக்காகவும் கும்பிடுகிறேன், அந்தக் கரடிக்காகவும் கும்பிட்டிருக்கிறேன். ஒரு பேர் மட்டும் வருகிற இடத்தில் வாயை மூடிக்கொள்கிறேன். என் தாயின் வயிற்றில் எனக்குப் பின்னால் பிறந்தவன், நான் இடுப்பில் சுமந்து வளர்த்தவன், கனகரத்தினம்.